ஃபைலில் இருப்பதும் பட்டறையில் இருப்பதும்

மேசையில் பூட்டிய சாணைச் சக்கரமான பெஞ்ச் கிரைண்டரிலிருந்து தொடங்கலாம். உலோக வேலை நடக்கும் பட்டறை எதிலும் ஏதோ ஒரு மூலையில் அது இருக்கும். ஆளாளுக்கு வந்து உளியையோ டிரில் பிட்டையோ தீட்டிக்கொண்டு போவார்கள். யார் பொறுப்பு என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். விஷயம் தெரிந்த பாதுகாப்பு ஆய்வாளர், பெரிய மெஷின்களை எல்லாம் விட்டுவிட்டு நேரே அதன் முன்னால் போய் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். தீட்டும் பொருளைத் தாங்கும் ரெஸ்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்ப்பார். அமெரிக்க விதிப்படி அது அரைக்கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது. கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். மேலே, சக்கரத்தின் கவசத்தில் இருக்கும் நாக்குத் தகட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கால் அங்குலம். அதற்கு மேல் போனால் பொருள் உள்ளே இழுபட்டுச் சிக்கும். சிக்கினால் சக்கரம் தெறிக்கலாம்.

இந்த இடைவெளி, யாரும் எதுவும் செய்யாமலேயே வளரும். சக்கரம் தேயத் தேய ரெஸ்ட் விலகி நிற்கும். வாங்கிப் பூட்டிய அன்று விதிப்படி இருந்த மெஷின், சில வாரங்களில் தானாகவே விதியை மீறிவிடும். முதலாளி பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை, தொழிலாளி அலட்சியம் காட்டவில்லை. ஒரு ஸ்பேனரை எடுத்து ரெஸ்டை நகர்த்துகிற இரண்டு நிமிட வேலை யாருடையது என்று யாரும் சொல்லிவைக்கவில்லை, அவ்வளவுதான். ஃபைலில் மட்டும் மாதம் தவறாமல் 'கிரைண்டர்: சரி' என்று டிக் விழுந்துகொண்டிருக்கும். அந்தத் தாளையும் அந்த ரெஸ்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஆய்வாளர், மற்ற டிக்குகளை எவ்வளவு நம்புவது என்பதையும் அங்கேயே முடிவு செய்துவிடுவார்.

பாதுகாப்புச் சட்டங்களைக் கடைப்பிடிக்க முதலாளிகளுக்கு உதவுகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. அவர்களில் பெரும்பாலோர் விற்பது ஃபைல். கொள்கை அறிக்கை, பயிற்சிப் பதிவு, அபாய மதிப்பீடு எல்லாம் தடித்த அட்டையில் அச்சாகி வரும். வேறொரு கம்பெனியின் பெயரை அழித்துவிட்டு இந்தக் கம்பெனியின் பெயரைப் போட்டிருப்பார்கள். சில இடங்களில் பழைய பெயரை அழிக்க மறந்தும் இருப்பார்கள். ஃபைல் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஃபைலுக்கும் பட்டறைக்கும் நடுவே ஒரு இடைவெளி இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் உதவி. அதைத் தொடாமல் செய்வதெல்லாம் அட்டை மாற்றும் வேலை.

ஆய்வாளர் என்ற உத்தியோகம் பிறந்த கதையிலும் இதே இடைவெளிதான் இருக்கிறது. பிரிட்டனில் 1802-இல், பஞ்சாலைகளில் வேலை செய்த சிறுவர்களின் நலனுக்காக ஒரு சட்டம் போட்டார்கள். அது நடக்கிறதா என்று பார்க்கும் வேலையை அந்தந்த ஊர் மாஜிஸ்திரேட்டுகள் நியமிக்கும் பார்வையாளர்களிடம் விட்டார்கள். சட்டம் ஏட்டோடு நின்றது. 1833-இல் வந்த சட்டம்தான் சம்பளத்துக்கு ஆய்வாளர்களை அமர்த்தியது. எத்தனை பேர்? நான்கே நான்கு. நாடு முழுக்க உள்ள ஆலைகளை லியோனார்ட் ஹார்னர் உள்ளிட்ட அந்த நால்வரும் பங்கு பிரித்துக்கொண்டு சுற்றினார்கள். சுழலும் மெஷின்களுக்கு வேலி கட்ட வேண்டும் என்பது 1844 சட்டத்தில்தான் வந்தது. அன்றைய எண்ணிக்கைக்கும் இன்றைய எண்ணிக்கைக்கும் ஒப்பே இல்லை என்றாலும், தொழிற்கூடங்கள் அதிகம், ஆய்வாளர்கள் சொற்பம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை. வருஷத்தில் மிச்சமுள்ள நாளெல்லாம் முதலாளியே ஆய்வாளர்.

அரசாங்க ஆய்வாளர் தண்டிக்க வருகிறாரா, சொல்லிக்கொடுக்க வருகிறாரா என்ற கேள்விக்குச் சர்வதேச அளவில் கிடைத்த பதில், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1947-ஆம் ஆண்டு 81-ஆவது உடன்படிக்கை. இரண்டுக்கும்தான் என்கிறது அது. சட்டத்தை அமல்படுத்துவதும், எப்படிக் கடைப்பிடிப்பது என்று முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தொழில்நுட்ப ஆலோசனை சொல்வதும் ஆய்வாளரின் கடமைகளாக அதில் ஒன்றாகவே எழுதப்பட்டிருக்கின்றன. முன்னறிவிப்பு இல்லாமல், இரவோ பகலோ, ஆய்வுக்கு உட்பட்ட எந்த இடத்துக்குள்ளும் நுழையும் அதிகாரம் அவருக்கு உண்டு. குறை கண்டதும் வழக்குத்தான் போட வேண்டும் என்பதில்லை. எச்சரிக்கையா, ஆலோசனையா, நடவடிக்கையா என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு. புகார் கொடுத்தது யார் என்பதை முதலாளிக்குச் சொல்லவே கூடாது என்ற கட்டாயமும் இருக்கிறது. ஆய்வு முடிந்ததும் "எவன் எழுதிப் போட்டான்" என்று துப்பறியக் கிளம்பும் நிர்வாகங்கள் இந்தக் கடைசி விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புகார் கொடுத்தவரைத் தேடிப் பிடித்துப் பழிவாங்குவது பல நாடுகளில் சட்டவிரோதம்.

ஆய்வால் பலன் உண்டா என்ற சந்தேகமும் அடிக்கடி கிளம்பும். கலிபோர்னியாவில் ஆபத்து மிகுந்த தொழில்களில், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ஆய்வு செய்யப்பட்ட நிறுவனங்களை, ஆய்வுக்குத் தேர்வாகாத அதே மாதிரி நிறுவனங்களோடு ஒப்பிட்டு ஒரு ஆராய்ச்சி 2012-இல் வெளியானது. ஆய்வு நடந்த இடங்களில் காயங்கள் 9.4 சதவீதம் குறைந்திருந்தன. காயங்களால் வந்த செலவு 26 சதவீதம் குறைந்திருந்தது. வேலைவாய்ப்போ விற்பனையோ படுத்ததாகத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் வந்தாலே தொழில் நொடித்துவிடும் என்ற புலம்பலுக்கு இதுவரை கிடைத்த நல்ல பதில் இது.

ஆய்வு நாளில் நடப்பது ஏறக்குறைய எங்கேயும் ஒன்றுதான். வருகிறவர் அடையாள அட்டையைக் காட்டி, எதற்காக வந்திருக்கிறார் என்று சொல்வார். வழக்கமான சுற்றா, விபத்து விசாரணையா என்பது பெரும்பாலும் அப்போதே தெரிந்துவிடும். பிறகு நடை. அவரோடு நிர்வாகத்தின் ஒருவர் போக வேண்டும். போகிறவர் பட்டறையை அறிந்தவராக இருக்க வேண்டும். பத்து கேள்விக்கும் "கேட்டுச் சொல்கிறேன்" என்கிற மேனேஜரை அனுப்புவதைவிட, ஷிப்ட் சூப்பர்வைசரை அனுப்பலாம். ஆய்வாளர் படம் எடுத்தால் அதே இடத்தை அதே கோணத்தில் நீங்களும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளந்தால் அந்த அளவை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் கழித்து நோட்டீஸ் வரும்போது, எந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்த எந்த ஒயர் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அங்கேயே சரிசெய்யக் கூடியது என்றால் அங்கேயே செய்துவிடலாம். வழியை மறித்திருக்கும் டிரம்மை நகர்த்த அனுமதிக் கடிதம் வேண்டாம். ஆனால் நகர்த்திய டிரம் நாளைக்கும் அங்கே வந்து உட்காரும் என்றால், அது வைக்க இடமில்லாத டிரம். அதற்கு இடம் ஒதுக்கும் வரைக்கும் குறை தீர்ந்ததாக அர்த்தமில்லை.

தொழிலாளிகளிடம் ஆய்வாளர் தனியாகப் பேசுவார். அந்த நேரத்தில் மேனேஜர் நாலடி தள்ளி நின்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பதை எந்த ஆய்வாளரும் கவனிக்காமல் இருக்கமாட்டார். அதைவிட மோசம், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் பாடம் நடத்துவது. "தீப்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு எட்டுப் பேரும் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால் அவருக்கு விளங்கிவிடும். பயிற்சிப் பதிவில் ஒரே பேனா, ஒரே சாய்வில் முப்பது கையெழுத்து இருந்தாலும் அப்படித்தான். ஆய்வு நாளன்று காலையில் எல்லார் தலையிலும் புது ஹெல்மெட் ஏறியிருக்கும். உள்ளே ஸ்டிக்கர் கூடக் கிழித்திருக்கமாட்டார்கள். இதைப் பார்த்து ஏமாறுகிற ஆய்வாளரை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

காரணத்தைத் தேடுவது என்றேனே, அதற்குத் தகட்டை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் ஒன்று நல்ல உதாரணம். முன்பக்கக் கதவைத் திறந்தால் மெஷின் நிற்க வேண்டும். அதற்காக ஒரு இன்டர்லாக் ஸ்விட்ச் வைத்திருப்பார்கள். அந்த ஸ்விட்சின் மேல் டேப்பைச் சுற்றி, கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மெஷினை நம்பவைத்திருக்கிறார் ஆபரேட்டர். வழக்கமான நடவடிக்கை என்ன? டேப்பைப் பிய்த்தெறிந்து, ஆபரேட்டருக்கு மெமோ கொடுத்து, 'இன்டர்லாக்கைத் தொடாதே' என்று சிவப்பு எழுத்தில் ஒட்டுவது. பத்து நாளில் டேப் திரும்ப வந்துவிடும். அந்த ஆபரேட்டர் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா நின்று பார்த்தால் வேறு கதை தெரியும். தகடு சில நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே சிக்குகிறது. ஒவ்வொரு தடவையும் கதவைத் திறந்து, எடுத்து, மூடி, ரீசெட் அழுத்தி, மறுபடி ஓட்ட வேண்டும். மாலைக்குள் இத்தனை பீஸ் என்று பலகையில் எண் எழுதியிருக்கிறது. சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர் டேப்பைச் சுற்றியிருக்கிறார். தகடு ஏன் சிக்குகிறது என்று பார்த்து, அச்சான டையையோ தகட்டை உள்ளே தள்ளும் ஃபீடையோ சரிசெய்தால் டேப்புக்கு வேலை இல்லை. உற்பத்தியும் ஏறும்.

பூட்டிய கதவும் இப்படித்தான். நியூயார்க்கில் 1911 மார்ச் 25-ஆம் தேதி டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை பற்றியெரிந்தபோது 146 பேர் செத்தார்கள். தொழிற்சாலை எட்டு, ஒன்பது, பத்தாம் மாடிகளில் இருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. ஒன்பதாம் மாடியில் ஒரு வாசல் பூட்டியிருந்தது. இரும்புத் தப்பிப்புப் படிக்கட்டு ஆட்களின் பாரம் தாங்காமல் சரிந்தது. கதவைப் பூட்டியதற்குச் சொல்லப்பட்ட காரணம் திருட்டு: துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் இன்றைக்கும் இருக்கிறது, கோடவுன் வைத்திருக்கும் எல்லாருக்கும். 'அவசர வழியைப் பூட்டாதே' என்ற அறிவிப்பு அந்தப் பயத்துக்குப் பதில் சொல்வதில்லை. அதனால்தான் பூட்டு திரும்பத் திரும்ப வருகிறது. உள்ளிருந்து தள்ளினால் திறந்துகொள்கிற, திறந்தால் மணியடிக்கிற, வெளியிலிருந்து திறக்கவே முடியாத கதவு அதற்குப் பதில் சொல்கிறது.

ஃபைல் மட்டும் பத்திரமாக இருந்ததற்கு வேறொரு கொடுமையான சாட்சி உண்டு. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை 2012 செப்டம்பர் 11-ஆம் தேதி எரிந்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான் அந்தத் தொழிற்சாலைக்குச் தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் சரியாக இருப்பதாகச் சொல்லும் சர்வதேசச் சமூகத் தரச் சான்றிதழ் ஒன்று கிடைத்திருந்தது. தீ தானாகப் பிடிக்கவில்லை, வைக்கப்பட்டது என்று பல ஆண்டுகள் கழித்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தது யாராக இருந்தாலும், ஜன்னல்களில் கம்பியும் வெளியேற வழியின்மையும்தான் சாவு எண்ணிக்கையை ஏற்றின. ஏழு மாதம் கழித்து, 2013 ஏப்ரல் 24-இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி மூடிக்கொண்டு போய்விட்டது. மேலே இருந்த ஆடைத் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள்.

அதன் பிறகு வந்த வங்கதேச ஒப்பந்தம், முதலாளிகளுக்கு உதவுவது என்றால் என்ன என்பதற்கு என் பார்வையில் நல்ல முன்மாதிரி. அதில் 200-க்கும் மேற்பட்ட ஆடை பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படும் வகையில் கையெழுத்திட்டன. 1,600-க்கும் அதிகமான தொழிற்சாலைகளுக்குப் பொறியாளர்கள் போனார்கள். கண்ட குறைகளை ஃபைலில் புதைக்காமல் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். திருத்துவதற்குப் பணம் கிடைக்க வழிசெய்யும் பொறுப்பு, துணி வாங்குகிற பிராண்டுகளுக்கும் இருந்தது. குறையைச் சுட்டிக்காட்டிவிட்டு அதற்கான பணத்தைப் பற்றி வாயே திறக்காத ஆய்வைவிட இது எவ்வளவோ மேல்.

சின்ன முதலாளியின் கஷ்டம் வேறு மாதிரி. இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவரிடம் தனிப் பாதுகாப்பு அதிகாரி இருக்கமாட்டார். ஆய்வாளரைக் கேட்கலாம் என்றால், கேட்கப் போய் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம். அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. கேட்டால் ஆலோசகர் வருவார், காசு வாங்கமாட்டார், பார்த்ததை ஆய்வுப் பிரிவிடம் சொல்லமாட்டார், அபராதம் கிடையாது. ஒரே நிபந்தனை, கடுமையான அபாயம் என்று அவர் சுட்டிக்காட்டியதை ஒப்புக்கொண்ட தேதிக்குள் சரிசெய்ய வேண்டும். செய்யாமல் விட்டால்தான் விஷயம் ஆய்வுப் பிரிவுக்குப் போகும். இப்படி ஏதாவது ஏற்பாடு உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, அதன் பிறகு கட்டண ஆலோசகரிடம் போங்கள். கட்டண ஆலோசகர் என்றால், முதல் நாள் அவர் எங்கே உட்காருகிறார் என்று கவனியுங்கள். ஆபீசில் உட்கார்ந்து பழைய ஃபைலைக் கேட்கிறவரா, பட்டறையில் நின்று ஆபரேட்டரோடு பேசுகிறவரா என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எதை முதலில் சரிசெய்வது என்பதற்குத் துறையில் ஒரு வரிசை உண்டு. அபாயத்தையே ஒழிக்க முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால் குறைந்த அபாயமுள்ள ஒன்றை மாற்றி வை. அதுவும் முடியாவிட்டால் தடுப்பு, மெஷினுக்கு மறைப்பு, எக்ஸாஸ்ட். அதற்கடுத்தது வேலை முறை, பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசியில்தான் ஹெல்மெட், கையுறை, முகமூடி. நடைமுறையில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்; ஹெல்மெட் மலிவு, உடனே கிடைக்கும், படத்திலும் நன்றாக விழும். அந்த மலிவைக் கூடத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. பாதுகாப்பு நடவடிக்கை எதற்கும் தொழிலாளியின் கையிலிருந்து செலவு வரக்கூடாது என்று 1981-ஆம் ஆண்டு 155-ஆவது உடன்படிக்கை தெளிவாகச் சொல்கிறது. 2022-இலிருந்து அது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் அடிப்படை உடன்படிக்கைகளில் ஒன்று.

பர்மிட் முறையைப் பற்றி ஒரு வார்த்தை. வெல்டிங், டேங்குக்குள் இறங்குவது, மெஷினைப் பிரிப்பது மாதிரி வேலைகளுக்கு எழுத்தில் அனுமதி வாங்கும் முறை நல்ல முறை. ஆனால் தாள் இருந்தும் ஆள் காப்பாற்றப்படாததற்குச் சாட்சி, வடகடல் எண்ணெய் மேடையான பைப்பர் ஆல்ஃபா. 1988 ஜூலை 6-ஆம் தேதி அங்கே வெடித்துத் தீப்பிடித்ததில் 167 பேர் இறந்தார்கள். ஒரு பம்பு பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. அதன் பாதுகாப்பு வால்வைக் கழற்றியதற்கு வேறொரு பர்மிட் இருந்தது. இரவு ஷிப்டில் இருந்தவர்களுக்கு முதல் பர்மிட் தெரியும். இரண்டாவது கண்ணில் படவில்லை. மற்ற பம்பு நின்றுபோனதும் வால்வில்லாத பம்பை ஓட்டினார்கள். பர்மிட் எழுதுவதில் கம்பெனிகள் காட்டும் அக்கறை, ஷிப்ட் மாறும்போது பத்து நிமிடம் நின்று, எது பிரித்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவதில் இருப்பதில்லை. பிரித்த மெஷினின் ஸ்விட்சில் அந்த வேலையைச் செய்கிறவரே தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் முறை இதனால்தான் பலமானது. தாளைப் படிக்காமல் விடலாம், பூட்டைப் படிக்காமல் விட முடியாது.

இத்தனையும் கண்ணுக்குத் தெரிகிற அபாயங்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டில் வேலை தொடர்பான காரணங்களால் ஆண்டுக்கு 29 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அதில் விபத்தில் சாகிறவர்கள் சுமார் 3.3 லட்சம். மிச்சம் அத்தனையும் நோய். கல் அறுக்கும் தூசு, கரைப்பான் ஆவி, நாள் முழுக்கக் காதில் விழும் இரைச்சல் எல்லாம் பத்து, இருபது வருஷம் கழித்து வேலை செய்யும். அதற்குள் தொழிலாளி வேறு கம்பெனிக்கோ வீட்டுக்கோ போயிருப்பார். விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி கூட ஏறாது. ஆகவே 'விபத்தே இல்லை' என்று வெற்றுப் பதிவேட்டை நீட்டுவது பெருமை இல்லை. சின்னக் கீறல், மயிரிழையில் தப்பியது, எல்லாம் ஏறிய பதிவேட்டைத்தான் ஆய்வாளர் நம்புவார். தூசையும் இரைச்சலையும் கருவி வைத்து அளந்தால்தான் தெரியும். இரைச்சலில் 85 டெசிபல் என்பது பல நாடுகளில் எட்டு மணி நேர வேலைக்கு நடவடிக்கை தொடங்கும் எல்லை. பக்கத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அளக்கும் கருவி வரவழைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கல் அறுக்கும் பிளேடில் தண்ணீர் விழும்படி செய்தால் தூசின் பெரும் பங்கு காற்றில் ஏறாமல் தரையோடு போய்விடும். அதற்கு வேண்டியது ஒரு ஹோஸும் ஒரு வால்வும்.

நோட்டீஸ் கைக்கு வந்ததும் செய்யக்கூடாதது, அதை டிராயரில் போடுவது. ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் ஒருவரின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். துறையின் பெயரை எழுதினால் அது பழைய கிரைண்டர் கதையாகிவிடும். சொன்ன தேதிக்குள் முடியாது என்று தெரிந்தால், தேதி முடிவதற்கு முன்பே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். ஸ்பேர் பார்ட்டுக்கு ஆர்டர் போட்ட ரசீதை இணைத்தால் இன்னும் நல்லது. அதுவரைக்கும் தற்காலிகமாக என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்பதையும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். தகவல் பிழையென்று தோன்றினால் முறையீட்டுக்கும் காலக்கெடு உண்டு. அது பெரும்பாலும் நினைப்பதைவிடக் குறைவு. நோட்டீஸின் நகலை ஷாப் ஃப்ளோரில் எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொல்லிப் பல நாட்டுச் சட்டங்கள் கட்டாயப்படுத்துகின்றன. முதலாளிகளுக்கு அது மானக்கேடாகப் படும். ஆனால் ரெஸ்ட் நகர்த்தப்பட்டதா, பூட்டு திரும்ப வந்துவிட்டதா என்பது அங்கே நிற்கிறவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒட்டியிருக்கும் தாளில் எந்த வரியை எப்போது அடிக்கலாம் என்று அவர்களையே கேளுங்கள்.